உதறாத அம்மன்

எனக்குக் கூச்சல் ஆகாது, இன்ஸ்பெக்டர் ஐயா. நான் பசியாவரத்துக்குத் தலைவரானதிலிருந்து ஊர்க்கூட்டத்தில் யார் குரலும் உயர்ந்ததில்லை, என் குரலைத் தவிர.

என் மனைவி லோகாம்பாளுக்கு வலிப்பு உண்டு. மாத்திரை போட்டால் ஒன்றும் வராது. போன வருஷம் புயலில் ஏரியைக் கடக்க முடியாமல் மாத்திரை தீர்ந்துபோனது. அந்தச் சமயம் பார்த்துப் பாடு பிரிக்கும் கூட்டம். ஏரியில் யார் எங்கே வலை போடுவது என்று சீட்டுக் குலுக்கி முடிவு செய்வோமே, அது. பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த லோகாம்பாளின் கண் ஓரிடத்தில் நிலைத்தது. வாய் எதையோ மென்றது. விரல்கள் முந்தானையை வலை முடிவதுபோல முடிந்துகொண்டே இருந்தன. கூப்பிட்டால் பதில் இல்லை.

எங்கள் ஊரில் இதற்கு இரண்டே வகை. விழுந்து உதறினால் வலிப்பு, உட்கார்ந்து வெறித்தால் கங்கையம்மன். வகை பிரித்தது நானில்லை. தலைவர் என்ற முறையில் அமல்படுத்தினேன், அவ்வளவுதான்.

"முகத்துவாரப் பாடு எங்களுக்குத்தானே, தாயே?" என்று கேட்டேன். அவள் தலை லேசாகச் சாய்ந்தது. அம்மனே சொன்ன பிறகு சீட்டு எதற்கு? அந்த வருஷம் கடலிலிருந்து ஏரிக்குள் வந்த இறால் முதலில் எங்கள் வலையைத்தான் விசாரித்தது.

பிறகு டாக்டரிடம் காட்டினோம். உதறாத வலிப்பும் உண்டாம். வெளியே அமைதி, மூளைக்குள் ஓயாத வலிப்பு. தலையில் ஒயர் வைத்துப் பார்த்தால்தான் உறுதியாகுமாம். அதிலும் பல உட்பிரிவுகள் சொன்னார். படித்தவர்களுக்கும் பொழுது போகவேண்டுமே. "மறுபடி இப்படி வந்தா உடனே கூட்டிட்டு வாங்க" என்றார்.

இந்த வருஷக் கூட்டத்திலும் காலையிலேயே அம்மன் வந்துவிட்டாள். என் கொழுந்தி இளவரசிதான் அழுதாள்.

"மாமா, அக்கா கூப்ட்டா திரும்பவே மாட்டேங்குது. டாக்டர் சொன்னது இதான். ஆஸ்பத்திரிக்குப் போகணும், போட்டை எடு மாமா!"

"இன்னா தலைவரே, அம்மனுக்கு உங்க வூட்டு அட்ரஸ் மட்டும்தான் தெரியுமா?" என்றான் எதிர்வீட்டுப் பெரியசாமி.

நியாயமான கேள்வி. ஊர் வழக்கப்படி லோகாம்பாளின் உள்ளங்கையில் கற்பூரத்தை வைத்துக் கொளுத்தினேன். தோல் கருகியது. அவள் கையை இழுக்கவில்லை. இன்னொரு கை வலை முடிந்துகொண்டே இருந்தது. பெரியசாமி விழுந்து கும்பிட்டான்.

முகத்துவாரம் எங்களுக்கு என்று ஆனதும் மற்ற பாடுகளையும் ஒவ்வொன்றாக அம்மனிடமே கேட்டேன். தலைவர் ஓரவஞ்சனை செய்யக்கூடாதல்லவா? பொழுது சாய்ந்த பிறகுதான் போட் கிளம்பியது.

"ரொம்ப நேரம் விட்டுட்டீங்க. உயிர் இருக்கு. பழைய ஆளா திரும்பறது கஷ்டம்" என்றார் டாக்டர்.

மாத்திரையைப் பற்றிக் கேட்டீர்கள். ஆமாம், கூட்டத்துக்கு முந்தின வாரமே டப்பாவில் சத்து மாத்திரையை மாற்றிப் போட்டது நான்தான். கெட்ட எண்ணம் இருந்தால் சத்து மாத்திரை வாங்கிப் போடுவேனா?

நேற்று அவள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"என்ன மன்னிச்சிட்டியா, லோகா?"

அவள் தலை லேசாகச் சாய்ந்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா.