காலியான சட்டைக்கை

— அந்தப் படத்த மிஷின் மேல வைக்காதிய சாமி, எண்ணெ ஒட்டிரும்.

— வைக்கலை ஓய் மாசானம், கையிலேதான் பிடிச்சுண்டிருக்கேன். நீர் என் ஜிப்பாவைத் தையும். ஆறு மணிக்குச் சங்கத்து ஹால்லே நான் பேசணும். இந்தப் பஞ்சாபகேசன் பனியனோட மேடை ஏறினான்னா மாதுங்கா பூரா சிரிக்கும்.

— அரே, கக்கத்துல ஒரு ஜாண் கிழிஞ்சிருக்கே! லோக்கல் வண்டியில எவனும் பிடிச்சு இழுத்தானா?

— ஒருத்தனும் இழுக்கலை. பக்கத்திலே நின்ன குஜராத்திக்கு மாடர்ன் ஆர்ட்னா என்னன்னு கையை வீசி விளக்கிண்டு வந்தேன்.

— அவருக்கு வெளங்கிச்சா?

— நடுவிலே கரி ரோட் ஸ்டேஷன்லேயே இறங்கிட்டான்.

— சரி, படத்துல இருக்க இந்தம்மா யாரு?

— யாருமில்லை. அதான் விஷயமே! 1910லே வியன்னாவிலே ஒருத்தன் பென்சிலாலே போட்டது. இது அச்சடிச்ச பிரதி. இன்னிக்கு இதைப் பத்தித்தான் பேசறேன். கேளும்: ‘நூற்றாண்டின் வாசலில் அமர்ந்திருக்கும் இவள் பெண் அல்லள். தனிமையில் தன்னைத் தானே தழுவிக்கொள்ளும் மானுட ஆன்மா.’

— எத்தன பக்கம் சாமி?

— பதினெட்டு.

— ஏ இசக்கி! ஊக்கு தச்சது போதும், நீயும் வந்து கேளு. நான் ஒருத்தனே எப்படித் தாங்குவேன்?

— கேலி பண்ணாதீரும் ஓய். இன்னிக்குப் பேசறதுக்கே பயமா இருக்கு.

— நீங்க பேசாத மீட்டிங்கா? இன்னைக்கி என்ன புதுசா?

— போன மாசம் பேசினேன். என் ஆத்துக்காரி வாலாம்பாள் முதல் வரிசையிலே உட்கார்ந்திருந்தா. ஹால் மொத்தமும் கைதட்டித்து. செகரட்டரி சங்கரநாராயணனுக்கு என்னைக் கண்டாலே ஆகாது, அவன்கூடத் தட்டினான். இவ மட்டும் கையை மடியிலே போட்டுண்டு அப்படியே இருந்தா. பதினேழு வருஷக் குடித்தனம் ஓய்! என் பேச்சு வெறும் சத்தம்னு தீர்மானம் பண்ணிட்டாளோ? அன்னியிலேர்ந்து தூக்கமில்லை. இன்னிக்கு அவ தட்டியாகணும்.

— ஏன் தட்டலன்னு மாமிகிட்டயே கேட்டுற வேண்டியதுதான?

— கேக்கறதாவது! பதில் சொல்லிட்டாள்னா?

— சாமி, அந்தப் படத்த இப்படிக் காட்டுங்க.

— பாரு இசக்கி, நன்னாப் பாரு. என்ன தெரியறது?

— இவிய சட்டையில்ல மாட்டுதாவ.

— சட்டையா! அது தழுவல் அம்மா, தழுவல்!

— வலது கையால இடது சட்டைக்கைய மேல இழுக்காவ. அந்தா, வலது சட்டைக்கை முதுகுப் பக்கம் காலியாத் தொங்குதுல்லா.

— ஆறாம் பக்கம் அதைப் பத்தித்தான்! ‘காலியான இந்தக் கை, கடவுள் விட்டுச்சென்ற வெற்றிடம்.’

— கடவுள் எங்கயும் போகல சாமி. வலது கைய இனிமேத்தான் அதுக்குள்ள விடணும்.

— மாசானம், உம்ம வீட்டுக்காரி என்ன சொல்றா ஓய்?

— சரியாத்தான் சொல்லுதா. நான் இருபது வருசமா ட்ரையல் பாக்கேன். சௌக்கியமா இருக்கவுக எந்தக் கைய வேணும்னாலும் விடுவாவ. தோள் வலிக்காரவுக அப்படி இல்ல, நொந்த கைய முதல்ல நுழைச்சிட்டு, பொறவுதான் நல்ல கைய விடுவாவ. இவியளுக்கு இடது தோள் போச்சு. அம்புட்டுதான்.

— தோள் காதுக்கிட்டே ஏறியிருக்கே? பதினோராம் பக்கத்திலே ‘உருவச்சிதைவு’ன்னு எழுதியிருக்கேனே!

— ஒண்ணும் சிதையல. கை எழும்பாட்டித் தோளைத்தான் ஏத்துவாவ. பல்லக் கடிச்சிருக்காவ, பாருங்க.

— அப்போ... அந்த வியன்னாக்காரன் பார்த்ததைத்தான் போட்டிருக்கானா?

— பின்ன?

— இப்படி ஒரு சாத்தியம் இருக்குன்னு எனக்குத் தோணவே இல்லை ஓய். இசக்கி, உனக்கு மட்டும் எப்படிச் சட்டுனு தெரிஞ்சுது?

— பொம்பளைகளுக்கு அளவெடுக்கது நான்தான சாமி. போன வாரம் ஒரு மாமிக்கு எடுத்தேன். அச்சு அசல் இதே மாதிரிதான் பழைய ரவிக்கைய மாட்டுனாவ. இடது அக்குள மட்டும் ரெண்டு விரக்கடை இறக்கி வெட்டச் சொன்னாவ.

— ஏட்டி இசக்கி! சொல்லக்கூடாதுன்னு சொல்லிட்டுல்லா போனாவ!

— சொன்னா என்ன? இவுகளுக்குத் தெரிய வேண்டாமா? உங்க வீட்டு மாமிதான் சாமி.

— வாலாம்பாளா?

— நாலு மாசமா இடது தோள் எழும்பல. தலை வார முடியல, தூக்கத்துல அந்தப் பக்கம் திரும்ப முடியல.

— ஒரே ஆத்திலே இருக்கேன், எங்கிட்டே ஒரு வார்த்தை சொல்லலையே!

— சொல்லத்தான் வந்தாவளாம். நீங்க எட்டாம் பக்கம் எழுதிக்கிட்டு இருந்தியளாம்.

— ஐயோ... மேல் தட்டிலே இருக்கிற காப்பிப்பொடி டப்பாவை நீங்களே எடுத்துக்கோங்கோன்னாளே. கோபம்னு நினைச்சுண்டு நான் ஒரு வாரம் பேசாம இருந்தேனே! அப்போ அன்னிக்கு ஹால்லே... தட்ட முடியாமத்தான் தட்டலை! அப்பாடா!

— நல்லா இருக்கு சாமி! மாமிக்கு வலி, உங்களுக்கு அப்பாடாவா?

— தப்புதான் இசக்கி, தப்புதான். ஒரு மாசமா நெஞ்சிலே கல்லு மாதிரி இருந்துது, நீ சொன்னதும் இறங்கிடுத்து. ஏம்மா, இது குணமாகிடுமோல்லியோ?

— எங்க அக்கா தங்கத்தாய்க்கு இதே வலிதான். சயான்ல எலும்பு டாக்டர்கிட்ட காட்டுனோம். சுவத்துல விரல வச்சு மெல்ல மெல்ல ஏத்தச் சொன்னாரு. ஒரு வருசத்துல சரியாப் போச்சு. இப்ப குழாயடியில குடத்தத் தலைக்கு மேல தூக்கிக்கிட்டுல்லா சண்டை போடுதா!

— பிழைச்சேன். என் வாலாம்பாளும் தூக்கட்டும், என் தலையிலேயே போடட்டும்.

— சலோ சாமி, தையல் முடிஞ்சிச்சு. ஜிப்பாவ மாட்டுங்க. மணி அஞ்சாச்சு, ஹாலுக்குக் கெளம்பணும்லா.

— நான் ஹாலுக்குப் போகலை மாசானம்.

— அரே! அப்ப பதினெட்டு பக்கமும் காலி-பீலி வீண்தானா?

— போகட்டும் ஓய். சங்கரநாராயணன் பேசட்டும், மைக்கைப் பிடிக்கணும்னு அவனுக்குப் பத்து வருஷத்து ஆசை. நான் வாலாம்பாளைச் சயானுக்கு அழைச்சுண்டு போறேன். இசக்கி, உங்க டாக்டர் இருப்பாரோல்லியோ?

— எட்டு மணி மட்டும் இருப்பாரு. டாக்ஸி வச்சுக் கூட்டிட்டுப் போங்க. பஸ்ல இடது பக்கம் எவனாவது இடிச்சிருவான்.

— சரி, சரி. ஆனா ஆத்துக்குள்ளே நுழைஞ்சதும் அவகிட்டே முதல்லே என்ன சொல்றது? வலி இருக்கறது எனக்குத் தெரியும்னு சொல்லட்டுமா?

— அத டாக்ஸியில சொல்லிக்கிடுங்க. வாசல்ல நின்னுக்கிட்டே, இன்னைக்கி நான் மீட்டிங்குல பேசலன்னு முதல்ல சொல்லுங்க சாமி. எம்புட்டு வலிச்சாலும் மாமி கைதட்டிருவாவ.