தலைவர் போட்ட பொன்னாடை

டீ வந்துடுச்சு... சங்கத்துக் கடைக்காரங்க எல்லாரும் குடிச்சுக்கிட்டே கேளுங்க, ஒரு சின்னக் கதை சொல்றேன். எங்கயாச்சும் சுருக்குன்னு பட்டா, வேற ஊரைச் சொல்றான்னு நெனச்சுக்குங்க.

தெக்க, மணலோடைன்னு ஒரு ஊரு. அங்க ஒரு பழைய கடைத்தெரு. தேக்குக் கதவு, கல்தூணு, நூறு வருஷத்துக் கட்டடம்... ஜம்முனு இருக்கும். பைபாஸ் வந்துச்சு. பஸ்ஸெல்லாம் ஊருக்குள்ள வர்றதை விட்டுடுச்சு. அப்புறம் என்ன? மத்தியானம் பன்னண்டு மணிக்கு நடுத்தெருவுல நாய் நிம்மதியாப் படுத்திருக்கும்.

அங்க வியாபாரிகள் சங்கத் தலைவர் சிதம்பரதாணு. பாத்திரக்கடைக்காரரு. துடியான ஆளு. தெருவை இப்படியே விடக்கூடாதுன்னு கிளம்பிட்டாரு. கடைக்கெல்லாம் பெயிண்ட் அடிக்க வச்சாரு, சீரியல் லைட்டு போட்டாரு, கடைத்தெரு மீட்பு விழான்னு நாள் குறிச்சாரு. மேடையில பெரிய ஃபிளெக்ஸ்... "நம்ம தெருவில் வாங்குவோம், நம்ம தெருவை வாழவைப்போம்." நல்லாத்தான இருக்கு? கை தட்டுங்க, தப்பில்ல.

இதுக்கு நடுவுல ஒரு சேதி. அந்தத் தெருவுல இருக்கிறதே ஒரு ஜவுளிக்கடை. சவரிமுத்து அண்ணாச்சி நாப்பது வருஷமா நடத்துறாரு. அவரு, மாசக் கடைசியோட கடையைப் பூட்டிட்டு மதுரையில மகன் வீட்டுக்குப் போறேன்னுட்டாரு. ஜவுளிக்கடை போனா என்ன ஆகும்? கல்யாணத் துணி எடுக்க வர்ற கூட்டம் போச்சு. அந்தக் கூட்டம் போனா பாத்திரக்கடையும் நகைக்கடையும் ஈ ஓட்ட வேண்டியதுதான். தலைவர் நடையா நடந்து கெஞ்சிப் பாத்தாரு. மனுஷன் அசையல. சரி, விழாவுல மரியாதை பண்ணியாவது அனுப்புவோம்னு முடிவாச்சு.

மரியாதைன்னா நமக்கு என்ன? பொன்னாடை. அதை எங்க வாங்குறது?

இங்கதான் தலைவர் மூளையைப் பாருங்க... "அவருக்குப் போடுறதை அவருகிட்டயே போய் வாங்குனா நல்லாவா இருக்கும்? விலை தெரிஞ்சு போயிருமேய்யா." நியாயம்தான? செயலாளரைக் கார்ல ஏத்தி, முப்பது கிலோமீட்டர் தள்ளி டவுன்ல பெரிய கடைக்கு அனுப்பி வாங்கிட்டு வரச் சொன்னாரு.

விழா நடக்குது. தலைவர் அந்த ஃபிளெக்ஸுக்குக் கீழயே நின்னு ஒரு மணி நேரம் பேசுனாரு. பேசி முடிச்சுப் பொன்னாடையைப் போத்துனாரு. சவரிமுத்து கும்பிட்டாரா? இல்ல. அதோட ஓரத்தை ரெண்டு விரல்ல வச்சுத் தேச்சுப் பாத்தாரு. ஜவுளிக்காரன் கை... சும்மா இருக்குமா? பாத்துட்டு மைக்கை வாங்குனாரு.

"தாணு, இதே சரக்கு நம்ம கடையில மூணாவது தட்டுல இருக்குடே. சங்க ஆண்டு விழாவுக்குப் பொன்னாடை எடுக்க வருவியன்னு வருஷா வருஷம் எடுத்து வைப்பேன். ஒருத்தரும் வரல. பைபாஸ் வந்ததுக்கு நான் கடையைப் பூட்டல... நீங்க வராததுக்குத்தான் பூட்டுதேன்."

தலைவருக்கு எப்படி இருந்திருக்கும்? முகம் செத்துப் போச்சு.

சவரிமுத்துக்கும் கண்ணு கலங்கிடுச்சு. மூக்குக் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு. துடைச்சவரு அப்படியே நின்னுட்டாரு. ஏன்? முன் வரிசையில மூக்குக் கண்ணாடிக்கடை மைதீன் பிச்சை உக்காந்திருக்காரு, இவரு கடைக்கு நேர் எதிர்க்கடை. "மைதீனு... இதை நான் மதுரையிலல்லா வாங்குனேன்"னு சொல்லிட்டு, அவரே சிரிச்சுட்டாரு. அவ்வளவுதான், பந்தலே சிரிச்சுது. மைதீன் எந்திரிச்சு, மக கல்யாணச் சீர்ப் பாத்திரம் மொத்தமும் டவுன்ல எடுத்ததை ஒத்துக்கிட்டாரு. பாத்திரக்கடைத் தலைவர் கால்ல கெடந்த செருப்பு? ஆன்லைன்ல வந்தது. செருப்புக்கடைக்காரர் அவரு பக்கத்துலயே உக்காந்திருக்காரு.

மறுநாள் காலையில ஜவுளிக்கடை வாசல்ல மொத ஆளா யாரு நிக்குறா? தலைவரு. தனக்கு ரெண்டு வேட்டி, பேரனுக்குச் சட்டைத்துணி. அன்னிக்கு மட்டுமா? அந்த மாசமே வந்த தீவாளிக்கு அத்தனை கடைக்காரங்க வீட்டுத் துணியும் அங்கதான். கடைக்காரங்களே எடுக்குறாங்களேன்னு ஊர்ச்சனமும் எட்டிப் பாக்க ஆரம்பிச்சுது. சவரிமுத்து சொன்ன மாசக் கடைசி வந்துச்சு... போச்சு. அண்ணாச்சி மதுரைக்குப் போனாரு. பேரப்புள்ளைகளைப் பாத்துட்டு ரெண்டாம் நாளே திரும்பி வந்து கடையைத் திறந்துட்டாரு.

அய்யா, அம்மா... பெயிண்ட் அடிங்க, லைட்டு போடுங்க, நான் வேண்டாங்கல. பழைய கட்டடத்தைப் பாத்துப் பத்திரமா வச்சுக்குங்க, அது உங்க சொத்து. ஆனா வெளியூர்க்காரன் நம்ம தெருவுக்கு வரணும், வரணும்னு சொல்றோமே... நம்ம வீட்டுக்காரங்க எங்க போய் வாங்குறாங்க? எதிர்க்கடைக்காரனே ஏறாத கடையில, பஸ் ஏறி வர்றவன் எப்படிய்யா ஏறுவான்? மொத வாடிக்கை நீங்கதான். நீங்க ஒருத்தரு கடைப் படியில ஒருத்தரு ஏறுங்க, ஊரு பின்னாடியே வரும்.

சரி... கூட்டம் ஆரம்பிக்கும்போது எனக்கும் ஒரு பொன்னாடை போட்டீங்க. ரொம்ப நல்லாருக்கு. சந்தோஷம். இதை எந்தக் கடையில வாங்குனீங்க?

...

செயலாளர் தம்பி, ஏன்யா கீழ பாக்குற?