வெள்ளைக்குக் கீழே இருந்த பட்டன்

தஞ்சாவூரிலிருந்து ஒரத்தநாடு போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் ஒரு அக்காவும் தம்பியும் உட்கார்ந்திருந்தார்கள். தம்பிக்குச் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை என்பது பேச்சிலேயே தெரிந்தது.

“சித்தப்பாவுக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுதுக்கா,” என்றான் திடீரென்று.

“என்னடா சொல்ற?”

“சம்பாவுக்கு வெதநெல் பதிய வெப்சைட் பண்ணிக் குடுத்தேன்ல? ஊர்க்காரங்க எல்லாருக்கும் சித்தப்பாதான் போன்ல பதியப் பாத்தாங்க. ‘எல்லாம் போட்டுட்டேன், அனுப்புற பட்டனக் காணும்’னு மூணு தடவ கூப்புட்டாங்க. ‘கண்ணாடியப் போட்டுப் பாருங்க’ன்னு எரிஞ்சு விழுந்தேன். பதியிற நாளும் முடிஞ்சு போச்சு.”

“பட்டன் இல்லையா?”

“இருந்துச்சு. அதுக்கு மேல இருபது புள்ளின்னு விட வேண்டிய எடைவெளிய ரெண்டாயிரம்னு வச்சிருக்கேன். போன்ல பாத்தா வெறும் வெள்ளையா, பக்கமே முடிஞ்ச மாதிரி இருக்கு. நேத்துதான் கவனிச்சேன். ரெண்டு சைபர அழிச்சேன், சரியாயிடுச்சு.”

“சித்தப்பாட்ட சொன்னியா?”

“சர்வர்ல பிரச்சனைன்னு மெசேஜ் போட்டேன்.”

அக்கா அவனையே பார்த்தாள். “இப்பவே போன் பண்ணு.”

அவன் பண்ணினான். “சித்தப்பா, சர்வர் பிரச்சனையெல்லாம் இல்ல. என் தப்புதான்,” என்றான். பிறகு வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தான்.

“என்னடா சொன்னாங்க?”

“‘வெதநெல்லு வேற எடத்துல வாங்கியாச்சு, அத வுடு. உம்பேரு கெட்டுடக் கூடாதுன்னு, எனக்குத்தான் பாக்கத் தெரியலன்னு ஊர்ல சொல்லி வச்சிருக்கேன். நீயும் அப்படியே சொல்லு’ன்னாங்க.”

ஒரத்தநாடு வரும்வரை அவன் தலை நிமிரவில்லை.