புகைபோக்கி பார்த்தாச்சு

குளிர்கால இரவில் உறையாமல் இருக்கத் தண்ணீர்க் குழாயைக் காலி செய்யும்போது பாதிப் பேர் ஒரு தப்புச் செய்கிறார்கள். கீழே உள்ள அடைப்பானைத் திறந்துவிட்டு, எல்லாம் வடிந்துவிட்டது என்று படுக்கப் போய்விடுவார்கள். மேலே ஒரு குழாயையும் திறந்து வைக்க வேண்டும். காற்று உள்ளே போனால்தான் தண்ணீர் வெளியே வரும். இல்லாவிட்டால் வளைவுகளில் கொஞ்சம் தங்கிவிடும். மைனஸ் இருபத்தைந்து டிகிரிக் குளிருக்கு அந்தக் கொஞ்சம் போதும். காலையில் குழாய் வெள்ளரிப்பழம் மாதிரி வெடித்துக் கிடக்கும்.

இதெல்லாம் எனக்குத் தெரியும் என்பதற்காகச் சொல்கிறேன். உங்கள் போலீஸ் அறிக்கையில் ‘வீட்டுக்காரரின் கவனக்குறைவு’ என்று ஒரு வரி இருக்கிறதாம். நேற்று உங்கள் ஆள் ஒருவர் வந்து வாசித்துக் காட்டினார். அந்த வரி சரியில்லை. அதைத் திருத்தத்தான் வந்தேன். யாரும் என்னை அழைத்து வரவில்லை.

பெயர் குசகாபே யசுஜி. வயது அறுபத்தாறு. மர அறுவை ஆலையில் முப்பத்தெட்டு வருஷம் இருந்தேன். அதிலிருந்து நின்ற பிறகு எனக்கென்று இருந்த ஒரே வேலை, பின்பக்கத்து வீட்டை வாடகைக்கு விட்டுப் பார்த்துக்கொள்வதுதான். என் வீட்டிலிருந்து முப்பது தப்படி. சமையலறை ஜன்னலில் நின்றால் அதன் வாசல் கதவும் புகைபோக்கியும் நேராகத் தெரியும். என் மனைவி சுமியே பதினொரு வருஷத்துக்கு முன்னால் அசஹிகாவா நகரத்தில் இருக்கும் தங்கையைப் பார்த்துக்கொள்ளப் போனாள். சண்டை ஒன்றும் இல்லை. ஒரு குளிர்காலத்துக்கு என்று போனவள் திரும்புவது பற்றிப் பேச்செடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அக்டோபர் பிறந்தால் அந்த வீட்டுக்குள் இறங்கிவிடுவேன். கூரைப் பனி சரிந்து கண்ணாடியை உடைக்காமல் இருக்க ஜன்னல்களுக்கு வெளியே பலகை அடிக்க வேண்டும். உள்பக்கம் பிளாஸ்டிக் தாள் ஒட்ட வேண்டும், ஓர் ஊசி முனை காற்றுகூட நுழையாதபடி. தரைக்கு அடியில் தவழ்ந்துபோய்க் குழாய்களுக்குப் பஞ்சுப் பட்டை சுற்ற வேண்டும். கணப்படுப்பின் புகைபோக்கியைக் கூரைமேல் ஏறித் துலக்க வேண்டும். விறகை ஆளுயரத்துக்கு அடுக்க வேண்டும். ஊரில் கேட்டுப் பாருங்கள். குசகாபே தயார் செய்த வீட்டில் குளிர் எட்டிப் பார்க்காது என்பார்கள்.

முதலில் குடிவந்தவர் அமகாய் வாத்தியார். ஓய்வுபெற்றவர், தனியாள், எழுபத்து நான்கு வயது. இரண்டாவது குளிர்காலம், பிப்ரவரியில், மூன்று நாள் விடாமல் பனிப்புயல். மூன்றாம் நாள் காலை ஜன்னலில் நின்று பார்க்கிறேன், அவர் புகைபோக்கியில் புகை இல்லை. ஓடினேன். கதவை உடைத்தேன். குழாய் ஒன்று வெடித்து, தரையெல்லாம் பனிக்கட்டி. வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு விட்டுப்போய், முந்தின நாள் மாலையிலிருந்து அப்படியே கிடந்திருக்கிறார். முதுகில் சுமந்துகொண்டு வந்தேன். அது சத்தியமாக விபத்து. வருஷா வருஷம் நான் எடுத்துச் சுற்றிய அந்தப் பட்டை இருபது வருஷப் பழசு, உள்ளே மக்கியிருந்தது எனக்குத் தெரியாது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு பனி உருகும்வரை அவர் என் வீட்டில்தான் இருந்தார். எனக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டார். ஷோகிச் சதுரங்கத்தில் தோற்றுப்போனால் காயைக் கலைத்துவிடுவார், சின்னப் பிள்ளை மாதிரி. ஊர்ப் பத்திரிகையில் எங்கள் இருவர் படமும் வந்தது. பக்கத்துப் பெண்கள் ஊறுகாய் கொண்டுவந்து கொடுத்தார்கள். “யசுஜி, நீ இல்லேன்னா நான் என்னிக்கோ கல்லறைக்குள்ள குடி போயிருப்பேன்யா” என்று சாப்பிடும்போதெல்லாம் சொல்வார். ஏப்ரலில் அவர் மகள் வந்து கூட்டிக்கொண்டு போனாள். இரண்டு கிண்ணம் கழுவிப் பழகிய கை. ஒரு கிண்ணம் கழுவி முடித்த பிறகும் தண்ணீருக்குள் துழாவிக்கொண்டிருந்தது.

அடுத்து மியோஷி தம்பதி வந்தார்கள். இளம் வயது, பால் பண்ணையில் வேலை. அந்த வருஷம் நான் பட்டையெல்லாம் புதிதாக வாங்கிச் சுற்றினேன். வீடு இரும்புப் பெட்டி மாதிரி இருந்தது. நவம்பரிலிருந்து மார்ச் வரை அவர்கள் ஒருமுறைகூட என் கதவைத் தட்டவில்லை. எதிரில் பார்த்தால் தலை வணங்கிவிட்டுப் போவார்கள். நல்ல பிள்ளைகள்தான். ஒரு வீட்டை அவ்வளவு கச்சிதமாகத் தயார் செய்துவிட்டால், தயார் செய்தவனுக்கு அங்கே வேலை இல்லாமல் போய்விடுகிறது.

அதற்கடுத்த வருஷம் குழாயில் ஒரு முழம் மட்டும் பட்டை சுற்றாமல் விட்டேன். ஒரே ஒரு முழம். ஜனவரியில் உறைந்தது. இருவரும் வந்து கதவைத் தட்டினார்கள். வெந்நீர்க் கெண்டியும் துணியுமாகப் போய் அரைமணி நேரத்தில் சரி செய்தேன். அன்று என் வீட்டில் சாப்பிட்டார்கள். வயிற்றுப் பிள்ளைக்காரியாக இருந்தாள் அந்தப் பெண். இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டாள். யாருக்கும் ஒரு கெடுதலும் வரவில்லை. அதன் பிறகு யார் குடியிருந்தாலும் வருஷத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டேன். ஒரு வருஷம் கதவுக் கீல். ஒரு வருஷம் நனைந்த விறகு. வீட்டுக்காரன் ஒருவன் இருக்கிறான் என்று ஞாபகப்படுத்தத்தானே.

நிஷினே சிஸுரு போன மே மாதம் வந்தாள். ஐம்பத்திரண்டு வயது. பள்ளிக்கூட மதிய உணவுக்கூடத்தில் வேலை. புருஷனை விட்டு வந்தவள். அதைச் சொல்லும்போது பல்லைப் பிடுங்கிவிட்டு வந்தவள் மாதிரி சிரிப்பாள். அவோமோரிக்காரி, பனிக்குள் பிறந்து வளர்ந்தவள். அக்டோபரில் நான் பலகை அடிக்கும்போது அவளே ஏணியைப் பிடித்தாள். அப்புறம் டார்ச்சை வாங்கிக்கொண்டு தரைக்கடியில் தவழ்ந்து போனாள். வெளியே வந்தபோது முடியெல்லாம் சிலந்தி வலை.

“ஏன் வீட்டுக்காரரே, கண்ணுல பூ விழுந்துடுச்சா? அங்க ஒரு முழம் குழாய் அம்மணமா நிக்குது” என்றாள்.

கவனிக்கவில்லை என்றேன். மிச்சமிருந்த பட்டையை எடுத்துக்கொண்டு மறுபடி உள்ளே போய் அவளே சுற்றிவிட்டாள். கீல்களுக்கு எண்ணெய் விட்டாள். விறகை அவளே பிரித்து அடுக்கினாள், காற்றுப் புகும்படி, என்னைவிட நேர்த்தியாக. எனக்கு அவள்மேல் கோபம் வந்தது என்று நினைக்காதீர்கள். மரியாதைதான் வந்தது. ஆனால் அவள் ஏறாத இடம் ஒன்றுதான் பாக்கி இருந்தது. உயரம் என்றால் அவளுக்குத் தலைசுற்றும்.

அடுத்த நாள் துலக்குக் கம்பியோடு கூரைமேல் ஏறினேன். புகைபோக்கியின் மூடிக்கு அடியில் சிட்டுக்குருவிக் கூடு ஒன்று இருந்தது. கோடை முழுக்க அடுப்பு எரியாததால் நன்றாகப் பெரிதாகவே கட்டியிருந்தது. வைக்கோல், ரோமம், நீல நிறப் பிளாஸ்டிக் நூல். கையைவிட்டு எடுத்தால் ஒரு நிமிஷ வேலை. கம்பி கையில்தான் இருந்தது. கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அன்று வானம் தெளிவாக இருந்தது. ஆலை வரை தெரிந்தது.

கீழே இறங்கியபோது அவள் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

“புகைபோக்கி பார்த்தாச்சா?”

“பார்த்தாச்சு” என்றேன்.

அதில் பொய் இல்லை. பார்த்தேன்.

நான் நினைத்தது இவ்வளவுதான்: புகை கொஞ்சம் திரும்பும். அவள் இருமுவாள். வந்து கதவைத் தட்டுவாள். நான் ஏறிச் சுத்தம் செய்வேன். ஆனால் புகை திரும்பவில்லை. கூடு முழுவதும் அடைக்காமல், பாதி வழி விட்டிருந்தது. டிசம்பரில் அவளுக்குத் தலைவலி வந்தது. காலையில் எழுந்தால் கனமாக இருக்கிறது, வேலைக்குப் போனால் சரியாகிவிடுகிறது, ஒருவேளை வயசுக் கோளாறோ என்று என்னிடம்தான் சொன்னாள். மருத்துவரும் அதையே சொல்லி மாத்திரை கொடுத்தாராம்.

அதிலிருந்து அவள் என் வீட்டுக்கு வந்துதான் சாப்பிட்டாள். சமைக்க முடியவில்லை, நெருப்புப் பக்கத்தில் நின்றால் கண்ணை இருட்டுகிறது என்றாள். மிசோ விழுதில் சால்மன் மீனும் முட்டைக்கோசும் போட்டுக் குழம்பு வைப்பேன். உப்பு தூக்கல் என்று திட்டிக்கொண்டே குடிப்பாள். வந்து ஒரு மணி நேரத்தில் முகம் தெளிந்துவிடும்.

“உங்க வீட்டுல வந்து உக்காந்தாலே தலைவலி போயிடுது வீட்டுக்காரரே. மந்திரம் கிந்திரம் போட்டு வச்சிருக்கீங்களா?” என்று ஒருநாள் கேட்டாள்.

எதனால் என்று எனக்குத் தெரியும்: வெளியே போக வழியில்லாமல் வீட்டுக்குள் தங்கும் அடுப்பின் நச்சுவாயு, கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாதது. நீங்கள் கேட்கும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். முதல் தலைவலியிலிருந்தே தெரியும். நாளைக்கு ஏறி எடுத்துவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன். கூரையில் பனி இருந்தது, அது காரணமில்லை. எடுத்துவிட்டால் அவள் நன்றாகிவிடுவாள். நன்றாகிவிட்டால் அவள் வீட்டிலேயே சமைத்துக்கொள்வாள். என்னைவிட நன்றாகச் சமைப்பவள்.

ஜனவரி பதினெட்டு, ஞாயிற்றுக்கிழமை. அந்தக் குளிர்காலத்திலேயே குளிரான நாள். வேலை இல்லாத நாள் ஆகையால் அவள் காலையிலிருந்தே அடுப்பை நிறைத்து எரித்துக்கொண்டிருந்தாள். புகை மெலிதாக, நூல் மாதிரிப் போய்க்கொண்டிருந்தது. கூட்டைச் சுற்றிப் பனிக்கட்டி கட்டியிருக்கும் என்று எனக்குத் தோன்றியது. குழம்பு வைத்தேன். இரண்டு கிண்ணம் எடுத்து வைத்துவிட்டு ஜன்னலில் நின்றேன்.

ஒன்றரை மணி வாக்கில் அவள் வீட்டுக் கதவு ஒரு சாண் திறந்தது. வருகிறாள் என்று கிண்ணங்களைத் துடைத்தேன். திரும்பிப் பார்த்தபோது காற்றில் கதவு மூடியிருந்தது. காலணி மாட்டுகிறாள் போலிருக்கிறது என்று நினைத்தேன். இரண்டு மணி ஆயிற்று. இரண்டரை ஆயிற்று. முப்பது தப்படிதான். நான் போயிருக்கலாம். ஆனால் நானாகப் போய் நின்றால் அது வேறு. அவளாக வந்து தட்ட வேண்டும். அதற்காகத்தானே இவ்வளவும். குழம்பை மறுபடி சூடாக்கினேன்.

மூன்றேகாலுக்குப் போனேன். கதவு உள்பக்கம் கனத்தது. அவள் அதன் மேல் சாய்ந்து கிடந்தாள். கன்னம் இரண்டும் சிவந்து, வெளியே விளையாடிவிட்டு வந்தவள் மாதிரி இருந்தாள். நான் எவ்வளவு நன்றாகத் தாள் ஒட்டியிருந்தேன் என்று அப்போதுதான் முழுசாகத் தெரிந்தது. அந்த வீட்டில் எங்கும் ஒரு கீற்றுக் காற்று இல்லை.

உங்கள் ஆட்கள் வருவதற்குள் ஏறிக் கூட்டை எடுத்து என் அடுப்பில் போட்டுவிட்டேன். அதனால்தான் நீங்கள் புகைபோக்கியில் கரி படிந்ததை மட்டும் பார்த்துக் கவனக்குறைவு என்று எழுதியிருக்கிறீர்கள். அன்றைக்கு எல்லோரும் வந்தார்கள். மறுபடியும் நீங்கதான் முதல்ல ஓடினீங்களாமே என்று கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஊறுகாய் கொண்டுவந்தார்கள். ஒரு வாரம் வீடு நிறைய ஆள் இருந்தது.

ஆகவே ‘கவனக்குறைவு’ என்பதை அடித்துவிடுங்கள். முப்பத்தெட்டு வருஷம் ரம்பத்தோடு வேலை பார்த்தவன், ஒரு விரல்கூட இழக்காதவன் நான். அந்த வீட்டில் எது எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியும். கூட்டைப் பார்த்தேன், விட்டேன், அவளுக்கு என்ன ஆகிறது என்று தெரிந்தே பார்த்துக்கொண்டிருந்தேன், அவள் செத்துப்போனாள். அப்படியே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

இன்னொன்றும் உங்கள் அறிக்கையில் விட்டுப்போயிருக்கிறது. அவள் இடது காலில் பனிக்காலணி மாட்டியிருந்தாள். வலது காலணியைக் கையில் பிடித்திருந்தாள். வெளியே தப்பி ஓடப் பார்த்தாள் என்று உங்கள் ஆள் சொன்னார். தப்பி ஓடுகிறவள் எதற்குக் காலணி தேடப்போகிறாள்? அவள் என் வீட்டுக்குச் சாப்பிட வந்துகொண்டிருந்தாள், ஐயா.