ஜோடி கட்டியாச்சு

பஞ்சவர்ணம்: அந்த வீடியோ கேமை நிறுத்துங். உங்களுக்கு ஜோடி கட்டிட்டாங்களாமே?

ரத்தினசாமி: ...ஆரு சொன்னா?

பஞ்சவர்ணம்: கொழாயடியில கெம்பம்மா. உன்ற ஊட்டுக்காரருக்கு ஜோடி கட்டியாச்சுன்னு பல்லைக் காட்டறா.

ரத்தினசாமி: அது... இந்தக் குஸ்தி கேசட்டுதான் புள்ள. ரெண்டு பேரு ஆடறதுக்கு ஜோடி...

பஞ்சவர்ணம்: டிவிக்குள்ள ஓடற பொம்மைக்கு ஜோடி கட்டினது கொழாயடி வரைக்கும் வந்துருச்சா? ஆருங் அவ?

ரத்தினசாமி: எவ?

பஞ்சவர்ணம்: பட்டனை அமுக்காம என் மூஞ்சியைப் பாருங். எத்தன நாளா நடக்குது?

ரத்தினசாமி: அடக் கடவுளே... பொம்பளைன்னா நெனச்ச?

பஞ்சவர்ணம்: பின்ன? ஹனூர்லருந்து எங்கண்ணனை வரச் சொல்லிட்டேன். சாயங்காலப் பஸ்ஸுக்கு வர்றாரு.

ரத்தினசாமி: ஐயோ, அவர எதுக்கு... கேளு புள்ள. தசராக் குஸ்தியில எவன் கூட எவன் மோதறதுன்னு ஆளுக்கு ஆளு சேத்து உடுவாங்க. இந்த ஊர்ல அதுக்குப் பேருதான் ஜோடி கட்டறது. என் ஜோடி பசவராஜு. முறுக்கு மீசைக்காரன்.

பஞ்சவர்ணம்: மீசைக்காரனா?

ரத்தினசாமி: சிரியேன்.

பஞ்சவர்ணம்: குஸ்தியா? நெசக் குஸ்தியா?

ரத்தினசாமி: ஒரே ஒரு தடவ...

பஞ்சவர்ணம்: இந்தப் பொட்டியை எதுக்கு வாங்கினோம்? இனிமே என் குஸ்தியெல்லாம் டிவியிலதான்னு சொன்னது ஆரு?

ரத்தினசாமி: நாந்தான். ஆனா இதுல என்ன இருக்கு? தலைகீழாத் தூக்கிக் குத்தறான், பொம்ம எந்திரிச்சு நிக்குது. மண்ணு ஒட்டுதா, மூச்சு வாங்குதா...

பஞ்சவர்ணம்: பொம்ம எந்திரிக்கும். நீங்க? டாக்டர் என்ன சொன்னாரு?

ரத்தினசாமி: உடு.

பஞ்சவர்ணம்: சொல்லுங். உங்க வாயால சொல்லுங்.

ரத்தினசாமி: கழுத்தெலும்புல விரிசல். போன குஸ்தியில உழுந்த மாதிரி இன்னொரு வாட்டி உழுந்தா கைகாலு வராதுன்னாரு. போதுமா?

பஞ்சவர்ணம்: உஸ்தாதுக்குத் தெரியுமா?

ரத்தினசாமி: குஸ்தி சொல்லிக் குடுத்த மனுசன். தெரிஞ்சா என்னைக் களத்துல காலு வைக்க உடுவாரா? சுளுக்குன்னு சொல்லி வெச்சிருக்கேன். நீயும் வாயைத் தொறக்காத.

பஞ்சவர்ணம்: தொறந்துட்டேனுங். பதினோரு வருசமா மைசூர்ல இருக்கேன், ஜோடி கட்டறதுன்னா எனக்குத் தெரியாதா? காலையிலயே அவருகிட்டப் போய் அழுதேன். பொண்டாட்டி பேச்சக் கேட்டு ஜோடிப் பட்டியல்லருந்து பேரை அடிக்க முடியாது, அவன் வாயால கேக்கணும்னாரு... உஸ்தாத், எவ்வளவு நேரந்தான் வெளிய நிப்பீங்க? கதவு தொறந்துதான் இருக்கு, உள்ள வாங்க.