விம் கட்சியும் கோட் கட்சியும்

வெளுத்த வேட்டிக்கும் வெளுக்காத புகழுக்கும் உரியவராய், இவ்விழாவின் தலைமை இருக்கையை அலங்கரித்துக்கொண்டிருக்கும் எங்கள் முதலாளி, மதிப்பிற்குரிய நாச்சிமுத்து அவர்களே. முன்வரிசையில் முறுக்கு மீசையும் முழங்கால் வலியுமாக வீற்றிருக்கும் வேலம்பாளையத்துப் பெரியோர்களே. ஊசி முனையால் உலகை உடுத்தும் தையல் பிரிவுத் தோழர்களே. நூல் பிசிறு ஒன்றையும் நுழைய விடாத செக்கிங் பிரிவுத் தாய்மார்களே. துணியின் சுருக்கத்தை நீக்கியே தங்கள் நெற்றியில் சுருக்கம் வாங்கிக்கொண்ட அயர்னிங் பிரிவு அன்பர்களே. நான் பேசுவது புரியாவிட்டாலும், பக்கத்தில் இருப்பவர் கைதட்டும்போது தாமும் தட்டி என் மானம் காத்துவரும் பீகார்ச் சகோதரர்களே. சந்தனமும் குங்குமமும் இட்டுக்கொண்டு இன்று ஒரு நாள் வாய் மூடி ஓய்வெடுக்கும் ஓவர்லாக் எந்திரங்களே. உங்கள் அனைவருக்கும் கட்டிங் மாஸ்டர் சண்முகவேலின் பணிவான வணக்கம்.

பொரிப் பொட்டலம் பிரிக்கும் ஓசை கேட்கிறது. பிரியுங்கள். பொரி நமுத்துப்போவதற்குள் முடித்துவிடுவேன்.

உழைப்பின் உயர்வு பற்றிப் பேசும்படி விழாக் குழுவினர் பணித்தார்கள். பேச்சின் முடிவில் எனக்குச் 'சொற்கொண்டல்' என்ற பட்டம் தரப்போவதாக, இதோ என் முதுகுக்குப் பின்னால் பிளெக்ஸ் கட்டியிருக்கிறார்கள். கொண்டல் என்றால் மேகம். ஆனால் இந்த மேகம் எங்கே பெய்தது, எதை அழுகச் செய்தது என்பது உங்களில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். ஆகவே உழைப்பை இன்று உட்கார வைத்துவிட்டு, நம் மாடி அறையில் மூண்ட போரைப் பற்றிப் பேசப்போகிறேன்.

மூன்றாண்டுகளுக்கு முன்பு முதலாளிக்கு ஓர் ஆசை பிறந்தது. எந்தப் பண்டல் எந்த லைனில் இருக்கிறது, எத்தனை பனியன் முடிந்தது, லேபிளில் எந்த எழுத்து அச்சாக வேண்டும், எல்லாவற்றையும் கணினியே சொல்ல வேண்டும் என்று. அதற்காக மாடியில் ஏசி போட்ட அறை ஒன்று எழுந்தது. அதில் இருவர் வந்து அமர்ந்தார்கள். ஒருவர் அவிநாசிபாளையத்துக் கதிர்வேல். இன்னொருவர், டவுனில் பட்டனும் ஜிப்பும் விற்கும் கைருதீன் பாயின் மகள் ஷைமா. இருவரும் கெட்டிக்காரர்கள், இருவரும் நல்லவர்கள். அண்ணன் தங்கையாய் ஒரே பிளாஸ்க்கில் டீ குடித்தவர்கள். அப்படிப்பட்டவர்களைப் பிரித்தது எது? சாதியா? மதமா? சம்பளமா? இல்லை ஐயா, இல்லை. எடிட்டர்.

எனக்குத் துணி வெட்டக் கத்தி வேண்டும், உங்களுக்குத் தைக்க எந்திரம் வேண்டும். அதுபோல, கணினிக்கு நிரல் எழுதுகிறவர்களுக்கு எழுதுவதற்கென்று ஒரு கருவி வேண்டுமாம். அதற்குத்தான் எடிட்டர் என்று பெயர். கதிர்வேல் வைத்திருந்தது விம். ஷைமா வைத்திருந்தது விஎஸ் கோட்.

அங்கே சில தாய்மார்கள் சிரிக்கிறார்கள். ஆம் அம்மா, பாத்திரம் துலக்கும் சோப்புக்கும் அதே பெயர்தான். மாடியில் இரண்டு படித்த பிள்ளைகள் பாத்திரம் தேய்ப்பதைப் பற்றித்தான் ஆங்கிலத்தில் வழக்காடுகிறார்கள் என்று ஒரு மாதம் முழுக்க நானும் நம்பியிருந்தேன்.

கதிர்வேல் மவுஸைத் தொடமாட்டார். விரலில் நம்பிக்கை இல்லாதவன்தான் எலியைப் பிடிப்பான் என்பார். எழுதி முடித்ததும் இரண்டு புள்ளி, டபிள்யூ, க்யூ என்று மூன்று தட்டுத் தட்டுவார். எழுதியது சேமிப்பாகிவிடும், விம்மும் மூடிக்கொள்ளும். அந்த மூன்று தட்டு அவருக்கு மூச்சு விடுவது மாதிரி. ஷைமாவோ, தம் கருவியில் வண்ணம் உண்டு, வசதி உண்டு, எழுதியதை அது தானாகவே சேமித்துக்கொள்ளும், எதையும் தட்டத் தேவையில்லை என்பார். ஏழு வருடமாக விம்முக்குள்ளேயே இருக்கிறீர்களே, பிடித்து இருக்கிறீர்களா, வெளியே வர வழி தெரியாமல் இருக்கிறீர்களா என்று ஒருநாள் கேட்டுவிட்டார். கதிர்வேல் அன்று டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோனார்.

அத்தோடு அது மாடியிலேயே இருந்திருக்கும். படி இறங்கி வந்ததற்குக் காரணம் யார்? நான்தான். டீ இடைவேளையில் இதைக் கேள்விப்பட்டு, கீழே வந்து, நான் விம் கட்சி என்று அறிவித்தேன். ஏன் விம்? என் மனைவி பிறந்தது அவிநாசிபாளையம். இதைவிட ஆழமான கொள்கைக் காரணம் எந்தக் கட்சிக்கு உண்டு? மாஸ்டர் சொன்னார் என்று தையல் பிரிவு முழுவதும் விம் பக்கம் சாய்ந்தது. தையல் பிரிவு சாய்ந்ததாலேயே செக்கிங் பிரிவு கோட் பக்கம் நிமிர்ந்தது. மதியச் சாப்பாட்டுக்குத் தனித்தனி பெஞ்சு. கோட் கட்சிக்காரர் கொண்டுவந்த ஊறுகாயை விம் கட்சிக்காரர் தொடமாட்டார். பீகார்த் தம்பி ஒருவர் இரு பெஞ்சிலும் மாறி மாறி உட்கார்ந்ததற்காக இரு பக்கமும் அவரைச் சந்தேகித்தது.

அயர்னிங் பிரிவு ராமர் இங்கேதான் இருக்கிறார். தூத்துக்குடிக்காரர். அவர் ஒருநாள் என்னிடம் வந்து, "அண்ணாச்சி, இவ்வளவு பேரு அடிச்சிக்கிடுதாங்களே, அது என்னதுன்னு ஒருத்தருக்காவது தெரியுமா?" என்று கேட்டார். கொள்கையைக் கேள்வி கேட்கிறவன் கொள்கைக்குத் துரோகி என்று அவருக்கு விளக்கினேன். அவர் தலையாட்டிவிட்டு இஸ்திரிப் பெட்டிக்குத் திரும்பினார். விளங்கிக்கொண்டார் என்றே அன்று எண்ணினேன்.

பிறகு சென்ற ஆண்டு ஆயுத பூஜை. இதே பந்தல், இதே மேடை. மாடிக் கணினிகளுக்குச் சந்தனம் வைக்கத் தட்டோடு போன ஐயரை, யாருடையதற்கு முதலில் என்று கேட்டு அரைமணி நேரம் நிற்க வைத்தோம். அவர் பொறுமையிழந்து இரண்டு கையாலும் இரண்டுக்கும் ஒரே நொடியில் வைத்தார். வலது கை எந்தக் கணினிக்குப் போனது என்று அடுத்த வழக்கு எழுந்தது. அதன்பின் நான் இந்த ஒலிவாங்கியைப் பிடித்து நாற்பது நிமிடம் பேசினேன். "எலி பிடித்தவர் எழுத்தாளும் ஏந்தல் ஆவாரோ? வண்ணத்தில் வாழ்பவர் வல்லவர் ஆவாரோ? விரலை வேலாக்கியவர் வீற்றிருக்க, விளையாட்டுக் கருவிக்கும் ஒரு விழாவோ?" என்று முழங்கினேன். விசில் பறந்தது. விம்மை நான் அதுவரை கண்ணால்கூடக் கண்டதில்லை.

நீங்கள் கைதட்டிக்கொண்டிருந்தபோது ஷைமா பொரித் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வீட்டுக்குப் போனார். நான் அதைப் பார்த்தேன். பார்த்தும் பேசினேன். மறுநாள் முதல் மாடியில் இருவரும் பேசிக்கொள்வதை நிறுத்திவிட்டார்கள். மூன்றடி இடைவெளியில் அமர்ந்துகொண்டு, வேலை விஷயத்தைக்கூட எழுதித்தான் அனுப்பிக்கொண்டார்கள்.

நாலு மாதம் கழிந்தது. மாசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. கைக்குழந்தைகளுக்கான பனியன், பதினோராயிரம். லேபிளில் முப்பது டிகிரி நீரில் துவைக்கவும் என்று வர வேண்டிய இடத்தில் நாற்பது என்று இருந்தது. ஓர் எண்ணை மாற்ற வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்த நேரம் பார்த்துக் கதிர்வேலின் கணினி தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளக் கிளம்பி, நகராமல் நின்றது. ஷைமா மதிய லுகர் தொழப் போயிருந்தார். பத்து நிமிடம் பொறுத்து, திருத்திக் கொடும்மா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முடிந்திருக்கும். பேசாதவரிடம் எப்படிக் கேட்பது? கதிர்வேல் ஷைமாவின் நாற்காலியில் அமர்ந்தார். ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு மவுஸைத் தொட்டார். நாற்பதை முப்பதாக்கினார். எழுந்திருக்கும்போது, பழகிய விரல் பழக்கத்தால் மூன்று தட்டுத் தட்டியது. இரண்டு புள்ளி, டபிள்யூ, க்யூ.

விம்மில் அது கட்டளை. ஷைமாவின் கருவியிலோ அது வெறும் எழுத்து. போய் வரியின் கடைசியில் ஒட்டிக்கொண்டது. ஒட்டியதைத்தான் என்ன செய்தது அந்தக் கருவி? தானாகவே சேமித்துக்கொண்டது. அவருடைய பெருமையும் இவருடைய பெருமையும் கைகோத்து ஒரு வரியில் நின்றன. லேபிள் அச்சானது. தையலுக்கு வந்தது. பனியனின் கழுத்தில் ஏறியது.

தண்ணீர் கொஞ்சம் கொடுங்கள். இல்லை, சோடா வேண்டாம், தண்ணீரே போதும்.

அதை முதலில் கண்டவர் செக்கிங் இன்சார்ஜ் வேலாத்தாள் அம்மாள். இருபத்திரண்டு வருடம் இந்தக் கம்பெனியில் பிசிறு பார்த்த கண். முந்நூறு பனியன்தான் முடிந்திருந்தது. ஒரு லேபிளைப் பிடித்துக்கொண்டு, அந்த வழியாகப் போன ஒருவரை நிறுத்திக் கேட்டார்: "ஏனுங் மாஸ்டர், எஸ் தெரியும், எம் தெரியும், எல் தெரியுமுங்க. இந்த டபிள்யூ க்யூ எந்த சைஸுங்க?"

யாரை நிறுத்தினார்? ஏன் திரும்பிப் பார்க்கிறீர்கள்? இங்கே மேடையைப் பாருங்கள். என்னைத்தான் நிறுத்தினார்.

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு நொடி. ஆனால் மேடைகளில் முழங்கிய வாய் அல்லவா இது? தெரியாது என்ற சொல்லை அது பழகவே இல்லை. "அது வேர்ல்டு குவாலிட்டிங்க. புதுசா போடச் சொல்லியிருக்காங்க" என்றேன். முன்னால் இரண்டு புள்ளி இருக்கிறதே என்றார் அந்த அம்மாள். அது மரியாதைக்கு என்றேன்.

சிரியுங்கள். சிரிக்க வேண்டியதுதான். முந்நூறில் நின்றிருக்க வேண்டியது பதினோராயிரத்துக்கும் போனது.

மூன்று நாள் கழித்துக் காலையில், சரக்கு வாங்கும் பையரின் ஆள் சோதனைக்கு வந்தார். ஒரு பனியனை எடுத்தார், இன்னொன்றை எடுத்தார், பெட்டியை மூடினார். மறுநாள் மாலை நாலு மணிக்குள் அத்தனை லேபிளும் மாறாவிட்டால் ஆர்டர் ரத்து என்றார். ஒரு சீசன் வேலையே அந்த ஒரு பையரை நம்பித்தான் இருந்தது. முதலாளி எல்லோரையும் கூப்பிட்டு, லேபிளை நீட்டி, இது எங்கிருந்து வந்தது என்று கேட்டார்.

பார்த்த மாத்திரத்தில் ஷைமாவுக்குத் தெரிந்துவிட்டது. உலகத்தில் யார் விரல் அப்படித் தட்டும் என்பது அவருக்குத் தெரியாதா? கதிர்வேலைக் கைகாட்டியிருந்தால் கோட் கட்சி அன்றே வெற்றி விழா கொண்டாடியிருக்கும். அவர் சொன்னது இதுதான்: "என்ற மிஷின்ல இருந்து போனதுங்க. தானா சேமிக்கற மாதிரி நான்தான் வெச்சிருந்தேன்." உடனே கதிர்வேல் எழுந்தார். "தட்டுனது என்ற விரலுங்க. அந்தப் புள்ளையக் கேக்காம உக்காந்தது என்ற தப்புங்க."

ஒருவர் தன் கருவியைச் சொன்னார். ஒருவர் தன் விரலைச் சொன்னார். வாயைச் சொல்ல வேண்டியவன் மட்டும் பின்வரிசையில் தூணோடு தூணாக நின்றான்.

முதலாளி செக்கிங் பக்கம் திரும்பி, இதைப் பார்க்கவில்லையா என்று கேட்டார். வேலாத்தாள் அம்மாள் என்னை ஒரு தடவை பார்த்தார். ஒரே ஒரு தடவை. பிறகு, "பாத்தனுங்க. சரின்னு உட்டுட்டனுங்க" என்றார்.

அந்த ஒன்றரை நாளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நூற்று எண்பது பேரும் தரையில் உட்கார்ந்து லேபிள் பிரித்தோம். விம் யார், கோட் யார் என்று பார்க்க நேரமில்லை. கதிர்வேலும் ஷைமாவும் ஒரே குவியலுக்கு முன்னால் உட்கார்ந்து பிரித்தார்கள். நடுவில் பிளேடால் பிரிப்பது வேகமா, நூல் வெட்டும் டிரிம்மரால் பிரிப்பது வேகமா என்று பிளேடு கட்சியும் டிரிம்மர் கட்சியும் தோன்றப் பார்த்தன. ராமர்தான் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிக் காட்டி அடக்கினார். மறுநாள் மூன்றே முக்காலுக்கு லாரி ஏறியது. ஆர்டர் தப்பியது. அடுத்த வாரம் மாடியில் இருவரும் சேர்ந்து ஒரு நிரல் எழுதினார்கள். அந்த மூன்று எழுத்து இருக்கும் எந்த வரியையும் லேபிள் எந்திரத்துக்கு அது அனுப்பாது. பாதியை அவர் விம்மில் எழுதினார், பாதியை இவர் கோட்டில் எழுதினார். எது எந்தப் பாதி என்று கணினி இன்றுவரை கேட்கவில்லை. அவர்கள் இருவரும் இன்றும் அவரவர் எடிட்டரே உசத்தி என்று வாதாடுகிறார்கள். ஆனால் ஒரே பிளாஸ்க்கிலிருந்து டீ குடித்துக்கொண்டு வாதாடுகிறார்கள்.

எல்லோருக்கும் நல்லபடி முடிந்தது, ஒருவரைத் தவிர. வேலாத்தாள் அம்மாளிடமிருந்து இன்சார்ஜ் பொறுப்பு போனது. இந்த எட்டு மாதமாக அவர் மூலையில் நூல் வெட்டிக்கொண்டிருக்கிறார். நான் தினமும் நாலு தடவை அந்த மூலையைக் கடந்து போகிறேன். அவர் ஒரு நாளும் என்னை எதுவும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் ஏதாவது பேசிச் சமாளித்திருப்பேன்.

முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். முதலாளி, உங்கள் முன்னிலையில், இந்த ஒலிபெருக்கியில், ஊர் அறியச் சொல்கிறேன். வேலாத்தாள் அம்மாள் பார்த்தார். பார்த்து, நிறுத்தி, கேட்டார். சரி என்று விடச் சொன்னவன் நான். பொய் சொன்னவன் நான். பேச வேண்டிய நேரத்தில் பேசாதவனுக்குச் சொற்கொண்டல் என்று பட்டம் எதற்கு? தம்பி, அந்தப் பிளெக்ஸை அவிழ்த்துவிடு. எனக்குப் போர்த்த வைத்திருக்கும் இந்தப் பொன்னாடை அந்த அம்மாளுக்குப் போகட்டும்.

தாயே, எங்கே இருக்கிறீர்கள்? எழுந்து நில்லுங்கள். ஏன் இத்தனை நாள் ஒருவரிடமும் சொல்லவில்லை?

பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்கவில்லையாம். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "மாஸ்டரே சொல்லுவாருன்னு இருந்தனுங்க" என்கிறார்.

பொறுங்கள், இன்னும் ஏதோ சொல்கிறார். கைதட்டாதீர்கள், கேட்கவில்லை. என்னம்மா? பொன்னாடை வேண்டாமாம். "அதைய வெச்சுட்டு நான் என்னங்க பண்றது? என்ற டேபிளைக் குடுக்கச் சொல்லுங்க" என்கிறார்.

முதலாளி ஒலிவாங்கியைத் தரச் சொல்கிறார். ... நீங்கள் எல்லோரும் கேட்டீர்கள். நாளை விடுமுறை, நாளை மறுநாள் காலை எட்டரைக்கு வேலாத்தாள் அம்மாள் தம் டேபிளில் உட்காருகிறார். என்னை என்ன செய்வதென்று முதலாளி அன்றே சொல்வாராம். அது நியாயம். என்ன சொன்னாலும் ஏற்றுக்கொள்வேன்.

தலைமை தாங்கியவருக்கும், தன் தவற்றைச் சொன்னவனைத் தடுக்காமல் கேட்ட பெரியோர்களுக்கும், தன் பிழையைத் தானே சொல்வது எப்படி என்று எனக்கு எட்டு மாதம் முன்னே காட்டிய மாடி அறை அண்ணன் தங்கைக்கும், பொறுத்த தாய்க்கும் என் நன்றி. புரியாமலே கைதட்டிய பீகார்ச் சகோதரர்களுக்கு, ராமர் இதை அவருக்குத் தெரிந்த இந்தியில் விளக்கிச் சொல்வார். கேட்டபின் விருப்பமிருந்தால் தட்டுங்கள். வணக்கம்.