பெயரில் கூடுதலாக ஓர் எழுத்து

ஒரே கடவுச்சொல்லை இரண்டு இடங்களில் வைக்காதீர்கள் என்று நான் சொல்லாத ஆள் ஸ்வென்போர் ஊரில் குறைவு. வியாழக்கிழமைகளில் நூலகத்தில், செய்தித்தாள் அடுக்குக்குப் பக்கத்தில் ஒரு மேஜை போட்டு உட்கார்ந்திருப்பேன். சம்பளம் கிடையாது, காபி உண்டு. ஓய்வூதியம், டாக்டர், நகராட்சிக் கடிதம் எல்லாமே கணினி வழியாகத்தான் என்று ஆன பிறகு, வயதானவர்கள் மடிக்கணினியைத் துணிப்பையில் போட்டு, காய்ச்சல் கண்ட குழந்தையைத் தூக்கி வருவதுபோல வருவார்கள். தெரியாத இணைப்பைத் தொடாதீர்கள். அனுப்பியவர் முகவரியை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். உங்களை அவசரப்படுத்துகிறவன் திருடன். பள்ளிக்கூடத்தில் கணினிகளைப் பராமரித்து ஓய்வு பெற்றவனுக்கு இதைச் சொல்வதில் சிரமமில்லை. என் பேச்சைக் கேட்டு ஏமாறாமல் தப்பியவர்கள் இருக்கிறார்கள். அதைச் சொல்லி நான் சலுகை கேட்கவில்லை. முதலிலிருந்து சொல்லுங்கள் என்றீர்கள், அதனால் சொல்கிறேன்.

ஆஸ்டா அந்த மேஜைக்குத்தான் வந்தார். எழுபதைத் தாண்டியவர். தீவுகளுக்குப் போகும் படகில் வாழ்நாள் முழுக்கச் சமைத்தவர். என்ஜின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல். காது கிட்டத்தட்டப் போய்விட்டது. தொலைபேசியைக் காதில் வைத்தால் காதுக்கருவி கீச்சிடும்.

"நீதான் கம்ப்யூட்டர் டாக்டரா? இது செத்துப்போச்சா, தூங்குதான்னு பாரு."

"சார்ஜ் இல்ல, அவ்வளவுதான்."

"எனக்கும் காலையில அப்படித்தான். ஒரு காபி ஊத்தினா எழுந்துடுவேன். இதுக்கு ஊத்தக் கூடாதுன்னு கடைக்காரன் சொன்னான்."

பக்கத்து மேஜையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தவர்கூடச் சிரித்துவிட்டார்.

அவருக்கு நியூசிலாந்தில் இருக்கும் மகளுக்கு எழுத வேண்டும். மகள் பெயர் மெரெட்டே. அப்பாவின் சாவுக்கு அவள் வரவில்லை. அதற்கு ஆஸ்டா ஏதோ சொல்லிவிட்டார். என்ன சொன்னார் என்று என்னிடம் ஒருபோதும் சொன்னதில்லை. அதற்குப் பிறகு வருஷக்கணக்காகப் பேச்சில்லை. இப்போது உறவுக்காரப் பெண் ஒருத்தி மெரெட்டேயின் மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்திருந்தாள்.

"என்ன எழுதறது, ஹென்னிங்?"

"மன்னிச்சிடுன்னு எழுதுங்க."

"அதவிடச் சின்னதா ஏதாவது இருக்கா?"

கடைசியில் அதைத்தான் எழுதினார், ஒரு விரலால் தட்டித் தட்டி. மறுநாளே பதில் வந்துவிட்டது. கடவுச்சொல்லை யாரிடமும் சொல்லக் கூடாது என்று நான் பாடம் நடத்தியபோது, "நீ என்ன யாரோவா? நீயே வெச்சுக்கோ, எனக்கு மறந்துடும்" என்றார். வேண்டாம் என்று ஒரு முறை சொன்னேன். ஒரே ஒரு முறை.

அதன் பிறகு அவர் வீட்டுக்கே போக ஆரம்பித்தேன். முதலில் பிரிண்டருக்காக. பிறகு காரணம் தேவைப்படவில்லை. கம்பு ரொட்டியும் ஊறவைத்த மீனும் வைப்பார். நான் மெதுவாகச் சாப்பிடுவதைக் கேலி செய்வார். "படகுல இருந்திருந்தா உன் தட்டு தானா நகர்ந்து அடுத்தவன்கிட்ட போயிருக்கும்" என்பார். என் மனைவி போய் வெகுகாலம் ஆகிறது. இதைக் காரணமாகச் சொல்லவில்லை. தனியாக இருக்கிறவர்கள் ஊரில் எத்தனையோ பேர், அவர்கள் யாரும் இப்படிச் செய்யவில்லை.

வசந்தத்தில் மெரெட்டே எழுதினாள்: வீட்டை விற்றுவிட்டு எங்களோடு வந்து இரு, தோட்டத்தைப் பார்த்த மாதிரி ஓர் அறை இருக்கிறது. ஆஸ்டா ரொட்டி வெட்டிக்கொண்டே என்னிடம் சொன்னார்.

"போயிடலாம்னு பாக்கறேன். அங்க கம்ப்யூட்டர் பாக்க உன்ன மாதிரி ஒருத்தன் கிடைப்பானா?"

"கிடைப்பான்" என்றேன்.

அன்று வீட்டுக்குப் போய், அவர் கொடுத்த கடவுச்சொல்லால் அவருடைய மின்னஞ்சல் பெட்டியைத் திறந்து ஒரு விதி எழுதினேன். மகளிடமிருந்தோ அவள் வீட்டாரிடமிருந்தோ வருவது அவர் கண்ணில் படாத ஒரு கோப்புறைக்குப் போகும். சில நாள் மட்டும் என்று நினைத்தேன். வீடு விற்கிற எண்ணம் ஆறட்டும், பிறகு எடுத்துவிடலாம் என்று. ஆனால் பதில் வராததால் அவர் சாப்பிடாமல் இருந்தார். அதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. மகள் பெயரில் ஒரு முகவரி உண்டாக்கினேன். அவளுடைய அசல் முகவரியில் இல்லாத ஹெச் என்ற எழுத்து ஒன்று அதில் கூடுதலாக இருந்தது. ஆஸ்டாவின் முகவரிப் புத்தகத்தில் அதை மாற்றி வைத்தேன். அதிலிருந்து, இந்த வருஷம் வேண்டாம், வீட்டில் மராமத்து நடக்கிறது என்று எழுதினேன். ஆஸ்டா வருத்தப்பட்டார், பிறகு சாப்பிட்டார்.

மகளுக்கும் ஏதாவது சொல்லியாக வேண்டுமே. அம்மாவின் பெட்டியிலிருந்து அம்மாவாக எழுதினேன். எனக்கு ஊரை விட மனமில்லை, நீ உன் குடும்பத்தைப் பார் என்று. முகம் பார்த்துப் பேசலாம் என்று அவள் கேட்டாள். என் கிழட்டு மூஞ்சியைத் திரையில் பார்க்கப் பிடிக்கவில்லை என்று பதில் போட்டேன். ஆஸ்டாவிடம், கேமரா வழியாகத் திருடர்கள் வீட்டுக்குள் பார்ப்பார்கள் என்று சொல்லி நானே அதன்மேல் ஒரு ஒட்டுத்தாளை ஒட்டினேன். நூலகத்தில் எல்லோருக்கும் சொல்கிற ஆலோசனைதான் அது. ஆஸ்டா எனக்கு நன்றி சொன்னார்.

அந்த ஒரு வருஷத்தில் எனக்கு மிகவும் வெட்கமாக இருப்பது எது என்று கேட்டால், ஒரு சாதாரண மதியத்தைச் சொல்வேன். கண்ணாடியை மூக்குநுனிக்கு இழுத்துவிட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார்.

"நீதானே எழுத்தெழுத்தா பாக்கச் சொன்ன. இங்க பாரு, ஒரு ஹெச் கூட இருக்கு. மெரெட்டே பேருல ஹெச் கிடையாது. பேரு வெச்சவ நான்தானே."

பாடத்தைச் சரியாகப் படித்த ஒரே மாணவி அவர்.

"பழைய முகவரி நிரம்பியிருக்கும். புதுசு எடுத்திருப்பாங்க. அதே பேர் கிடைக்காது, ஒரு எழுத்த சேத்துக்கச் சொல்லும்."

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "நீ சொன்னா சரி" என்று கண்ணாடியைக் கழற்றி வைத்தார். எனக்கு மூச்சு வந்தது. மூச்சு வந்ததே என்றுதான் இப்போது வெட்கப்படுகிறேன்.

குளிர்காலத்தில் மெரெட்டேயின் மடல்கள் குட்டையாகிவிட்டன. கணையத்தில் கட்டி என்று எழுதியிருந்தாள். பிறகு, இது குணமாகாது அம்மா, வா என்று எழுதியிருந்தாள். டிக்கெட் தானே எடுப்பதாக, விமான நிலையத்துக்கு அவள் கணவன் ஸ்டூவர்ட் வருவதாக. நான் அதை அச்சடித்துக்கொண்டு ஆஸ்டாவின் வீட்டு வாசல்வரை போனேன். உள்ளே வெங்காயம் வதங்கும் வாசனை வந்தது. இதைக் கொடுத்தால் மற்ற எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு உள்ளே போய்ச் சாப்பிட்டேன். அன்று இரவு, விமானப் பயணத்துக்கு டாக்டர் அனுமதிக்கவில்லை, என் நினைப்பெல்லாம் உன்னிடம்தான் என்று மகளுக்கு எழுதினேன்.

அவள் இறந்ததை ஸ்டூவர்ட் எழுதினான். சடங்கில் வாசிக்க அம்மா நாலு வரி தருவாரா என்று கேட்டிருந்தான். தந்தேன். அங்கே அதை வாசித்தார்கள், பலர் அழுதார்கள் என்று பிறகு எழுதினான். அதே வாரம் ஆஸ்டாவுக்கு மெரெட்டேயிடமிருந்து ஒரு மடல் போயிற்று: தோட்டத்தில் எலுமிச்சை காய்த்திருக்கிறது. நிறுத்தினால் அவர் தேட ஆரம்பிப்பார். அதனால் நிறுத்தவில்லை. ஆஸ்டா அந்த மாதங்களில் சந்தோஷமாக இருந்தார். மெரெட்டேக்கு ஒரு கம்பளிச் சட்டை பின்னிக்கொண்டிருந்தார்.

ஸ்டூவர்ட் சொல்லாமல் வந்தான். நான் ஆஸ்டா வீட்டு மேஜையில் இருந்தேன், பிரிண்டரில் காகிதம் சிக்கியிருந்தது. ஆஸ்டா கதவைத் திறந்தார். படத்தில் பார்த்த முகம் என்பதால் அவருக்கு உடனே அடையாளம் தெரிந்துவிட்டது. அவன் தோளுக்குப் பின்னால் தெருவை எட்டிப் பார்த்தார்.

"மெரெட்டே எங்க? கார்லயே உக்காந்துட்டாளா? வரச் சொல்லு அவள."

மனைவியிடம் கற்ற டேனிஷ் மொழியில் அவன் தடுமாறினான். கையில் ஒரு சின்ன மரப்பெட்டி. "அத்தை, இங்க கடல்ல கரைக்கச் சொன்னா. உங்களுக்குத்தான் தெரியுமே. வாசிக்கறதுக்கு நீங்க எழுதிக் குடுத்தீங்களே."

"என்ன எழுதிக் குடுத்தேன்? முந்தாநாள்தானே மெயில் போட்டா. எலுமிச்சையில ஜாம் பண்ணினாளாம்."

அவர் பெட்டியைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினார். கத்தவில்லை. எப்போதும் உரக்கப் பேசுகிறவர், அன்று எனக்கு மட்டும் கேட்கிற அளவுக்குச் சொன்னார்.

"அந்த ஹெச்சா, ஹென்னிங்?"

ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. போலீசுக்கு, உங்களுக்கு, தொலைபேசியில் தகவல் சொன்னது ஸ்டூவர்ட்.

மறைவுக் கோப்புறையில் இருந்ததெல்லாம் உங்களிடம் இருக்கிறது. அவற்றை ஆஸ்டாவுக்குக் கொடுத்திருப்பீர்கள். சாவதற்கு முன் மருத்துவமனையிலிருந்து மெரெட்டே கடைசியாக ஒன்று எழுதினாள், எழுதியது ஸ்டூவர்ட்டுக்குத் தெரியும், என்ன எழுதினாள் என்று தெரியாது, அது மட்டும் எங்கே என்று நேற்றுக் கேட்டீர்கள். நினைவில்லை என்றேன். அது பொய். நான் அடியோடு அழித்த மடல் அது ஒன்றுதான். ஒவ்வொரு வார்த்தையும் நினைவிருக்கிறது.

'அம்மா, நீ வரலன்னா பரவாயில்ல. அப்பா சாவுக்கு நான் வராததுக்கு இதுதான் உன் பதிலான்னு மட்டும் சொல்லு. இல்லன்னு ஒரு வார்த்தை போதும்.'

இரண்டு பேர் பெயரிலும் அத்தனை எழுதியவன் நான். அந்த ஒரு வார்த்தையை எழுத உட்கார்ந்தேன். கை வரவில்லை. என்னுடைய பொய்யில் போய் முடிய வேண்டிய கேள்வி இல்லை அது என்று தோன்றியது. நாளைக்கு எழுதலாம் என்று எழுந்துவிட்டேன். மறுநாளும் எழுதவில்லை. அவள் பதில் பார்க்காமல் போனாள்.

எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். தண்டனை எதுவானாலும் சரி. ஒன்று மட்டும் கேட்கிறேன்: இந்தக் கடைசி மடலைப் பற்றி ஆஸ்டாவிடம் சொல்ல வேண்டாம். அவர் தாங்கமாட்டார். அவருக்கு எது நல்லது என்று என்னைவிட யாருக்கும் தெரியாது.